சமய வகுப்பில் பரபக்கத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள்

சிங்கப்பூரில் வார இறுதிச் சமய வகுப்புகளை நடத்தும் பெரியோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்த ஒரு கோயிலையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. சனி ஞாயிறுகளில் நம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் திருமுறையும் சமயமும் சொல்லித்தருகிற எல்லோருக்கும் எழுதுகிறேன். நானும் அப்படியொரு வகுப்பில் தொண்டூழியர்தான். வருகைப் பதிவு எடுப்பேன், தாள்களை நகலெடுத்துக் கொடுப்பேன், ஆசிரியர் வரத் தாமதமானால் சின்னப் பிள்ளைகளோடு தேவாரம் பாடிக்கொண்டிருப்பேன். ஒரு காசு வாங்காமல், வீட்டு வேலையையும் ஓய்வையும் விட்டுவிட்டு நீங்கள் செய்கிற வேலை எவ்வளவு பெரியது என்று பக்கத்திலிருந்தே பார்க்கிறவள் நான். அந்த மரியாதையோடுதான் ஒன்று கேட்கிறேன். உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் பரபக்கத்தைச் சேருங்கள்.

பரபக்கம் என்றால் உங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. பெற்றோர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. இரண்டாவது பகுதியான சுபக்கம் (தம் தரப்பு), சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது என்பது. அதற்கு முன்னால் வருவது பரபக்கம், அதாவது பிறர் தரப்பு: கடவுளும் இல்லை மறுபிறவியும் இல்லை என்கிற உலகாயதரில் தொடங்கி, பௌத்தர், சமணர், வேதச் சடங்கை முதன்மையாகக் கொள்ளும் மீமாம்சகர், உலகம் மாயை என்கிற மாயாவாதி, கடவுளை ஏற்காத சாங்கியர், திருமாலை வழிபடும் பாஞ்சராத்திரி என்று ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பதை முதலில் வைத்து, அப்புறம் அதற்கு மறுப்பு. இதையெல்லாம் கடந்துதான் தம் கொள்கைக்கு வருகிறார். நாம் என்ன செய்கிறோம்? நேராகச் சுபக்கத்துக்குப் போய், அதிலும் வரையறைகளை மட்டும் எடுத்துத் தாளில் அச்சிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றையும் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். எந்தக் கேள்விக்கு விடையாக அந்த மூன்றும் வந்தன என்று கேட்டால் தெரியாது.

போன ஆண்டு நடந்தது இது. உயர்நிலை இரண்டு படிக்கிற ஒரு பையன். அவன் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, தாதிமை இல்லத்தில் மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய தாளில் 'இறைவன் பேரருள் உடையவன்' என்று சரியாகவே நிரப்பியிருந்தான். அப்புறம் கையைத் தூக்கி, "தாத்தா யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல, பேரருள்னா அவருக்கு ஏன் இப்படி?" என்று கேட்டான். "அது போன பிறவி வினைப்பா" என்று ஒரே வரியில் பதில் வந்தது, உடனே அடுத்த கேள்விக்குப் போயாகிவிட்டது. அவன் தான் எழுதிய 'பேரருள்' மேல் பென்சிலால் திரும்பத் திரும்பக் கோடு இழுத்துக்கொண்டிருந்ததைப் பின்வரிசையில் நின்று பார்த்தேன். அந்தத் தவணைக்குப் பிறகு அவன் பெயருக்கு நேரே நான் ஒருமுறைகூட வருகை குறிக்கவில்லை. பதில் சொன்ன ஆசிரியர் அன்பானவர், பிள்ளைகள் மேல் உயிராக இருப்பவர். இப்படிப்பட்ட கேள்வியை எப்படி எதிர்கொள்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் கேட்டது நம்மிடம் இல்லாத கேள்வியா? புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர், ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு, கூடியவர்கள் பூச்சூடுகிறார்கள், பிரிந்தவர்கள் கண்ணீர் விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்' என்கிறார். படைத்தவனுக்குப் பண்பு இல்லை என்று நேரடியாக. வள்ளுவர், 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்' என்கிறார்: பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெட்டுப்போகட்டும். இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் வருகிற இந்தக் கோபத்தை நாம் பாடநூலில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அதையே ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்டால் மட்டும் அடக்கிவிடுகிறோம்.

தத்துவத்தில் இதற்குத் தீமைச் சிக்கல் என்று பெயர். கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முழு நல்லவர். ஆனால் துன்பம் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? 1710இல் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார், கடவுளின் பக்கம் நின்று வாதாடுகிற முயற்சிக்கே அந்த நூலின் பெயரான தியோடிசி நிலைத்துவிட்டது. 1955இல் ஜே. எல். மேக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர், இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன, எல்லாவற்றையும் சேர்த்து நம்பவே முடியாது என்று வாதிட்டார். ஆல்வின் பிளாண்டிங்கா அதற்கு, உண்மையான விருப்புரிமை உள்ள உயிர்களைப் படைத்தால் அவை தீமை செய்யாமலே இருக்கும்படி கடவுளாலும் செய்துவிட முடியாது போகலாம், ஆகவே முரண்பாடு இல்லை என்று பதில் சொன்னார். அத்தோடு முடியவில்லை. 1979இல் வில்லியம் ரோ, சரி, முரண்பாடு இல்லை என்றே வைத்துக்கொள்வோம், யாருக்கும் தெரியாமல் ஒரு காட்டுத் தீயில் வெந்து நாள்கணக்கில் துடித்துச் சாகிற மான்குட்டியின் வேதனையால் யாருக்கு என்ன நன்மை, இது கடவுள் இல்லை என்பதற்குச் சான்றாகாதா என்று கேட்டார். விருப்புரிமை வாதம் அந்த மான்குட்டிக்கு உதவாது. அதற்குத் தெரிவு செய்யவும் தெரியாது, பாவம் செய்யவும் தெரியாது.

இப்போது சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நாம் ஒரே வரியில் முடிக்கிற 'வினை' அதன் முழு விடை அல்லவே அல்ல. உயிர்களை இறைவன் படைக்கவில்லை, அவை அநாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டி அதன் அறிவை மறைக்கிற ஆணவ மலம் என்ற அழுக்கும் அநாதி, அதையும் அவன் உண்டாக்கவில்லை. உடலையும் உலகத்தையும் அவன் தருவதே அந்த மலம் பக்குவப்பட்டு நீங்குவதற்காக. ஆக 'நல்ல கடவுள் ஏன் தீமையைப் படைத்தார்' என்ற கேள்வியின் முதல் படியையே சித்தாந்தம் ஏற்பதில்லை. இல்லாததிலிருந்து எல்லாவற்றையும் கடவுளே உண்டாக்கினார் என்று நம்பும் கிறிஸ்தவராலும் முஸ்லிமாலும் இந்த விடையைச் சொல்ல முடியாது, அவர்கள் வேறு வழி தேடியாக வேண்டும். தீமை என்பது தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறைபாடு என்று அகஸ்டின் போனது அப்படியொரு வழி. சித்தாந்த விடைக்கும் ஒரு விலை உண்டு: இறைவன் உண்டாக்காத, எப்போதும் இருந்துவருகிற பொருள்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டால், 'எல்லாம் வல்லவன்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை எந்தப் பொருளில் சொல்கிறோம்? வினையையும் இப்படிக் கேட்கலாம். எனக்கு நினைவே இல்லாத பிறவியில் செய்ததற்கு இப்போது அனுபவிக்கிறேன் என்றால் அது என்னை எப்படித் திருத்தும்? முதல் வினை எங்கிருந்து வந்தது? அநாதி என்கிறோம், அது விளக்கமா, இல்லை கேள்வியைத் தள்ளிப்போடுவதா?

இந்தக் கேள்விகளுக்கு நம் ஆசாரியர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டாமல் கடைசி வரியை மட்டும் கொடுக்கிறோம் என்பதுதான் என் மனவருத்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா படுக்கையில் கிடக்கும்போது ஒரு பிள்ளை இதைக் கேட்டால் அன்றைக்கு வாதம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள், போதும். அந்த நேரத்தில் 'வினை' என்று சொன்னால் பிள்ளையின் காதில் 'உன் தாத்தா கெட்டவர்' என்றுதான் விழும். வாதத்தை வேறொரு நாள், அழுகை இல்லாத நாளில், ஒரு முழு வகுப்பாக எடுங்கள்.

அடுத்து, எல்லா வகுப்பிலும் வருகிற கேள்வி: "எல்லாத்தையும் கடவுள் படைச்சார்னா கடவுள யார் படைச்சா?" இதற்குச் சிரிப்போ அதட்டலோ தான் பெரும்பாலும் பதில். சைவ சித்தாந்த ஆசாரியர் மெய்கண்டாரின் சிவஞான போதம் பன்னிரண்டே நூற்பாக்கள், அதில் முதல் நூற்பாவே இந்த வாதம்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே இது ஆக்கப்பட்ட பொருள். ஆக்கியவன் ஒருவன் வேண்டும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று குடத்தை வைத்துச் சொல்வார்கள். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். இங்கே கவனிக்க வேண்டியது, 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று இந்த வாதம் எங்கேயும் சொல்லவில்லை, தோன்றி ஒடுங்குகிற பொருளுக்குத்தான் காரணம் கேட்கிறது. பாரசீகத்து இமாம் கஸ்ஸாலியும் இதே கவனத்தோடுதான், தோன்றியது எதுவோ அதற்குக் காரணம் உண்டு என்று தொடங்கினார். இதைப் புரியவைத்தால் 'கடவுளை யார் படைத்தார்' என்ற கேள்வி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

ஆனால் அதோடு நிறுத்தினால் அது பாதிப் பாடம். உலகத்தில் ஒவ்வொரு பொருளும் தோன்றி மறைகிறது என்பதால் மொத்த உலகமும் ஒரு நாள் தோன்றியது என்று ஆகிவிடுமா? மீமாம்சகரான குமாரில பட்டர், உலகம் என்றைக்கும் இப்படியே இருந்துவருகிறது, மொத்தமாகத் தோன்றியதும் இல்லை, ஒடுங்கப்போவதும் இல்லை என்றார். வேதத்தை ஏற்றவர் அவர், படைத்த கடவுளை ஏற்கவில்லை. இந்த ஒரு செய்தியே, வேதம் வேறு கடவுள் வேறு, இரண்டையும் தனித்தனியாக ஏற்கவும் மறுக்கவும் முடிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடும். சரி, ஆக்கியவன் வேண்டும் என்றே ஒப்புக்கொள்வோம். ஒருவன்தான் என்று எப்படித் தெரியும்? 1779இல், தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய உரையாடல் நூலில் இந்தக் கேள்வி வருகிறது: கப்பலைப் பலர் சேர்ந்து கட்டுவது போல உலகத்தையும் பலர் சேர்ந்து கட்டியிருக்கக் கூடாதா? குயவன் உவமையை எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது.

இதையெல்லாம் பிள்ளைகளால் தாங்க முடியுமா என்று கேட்பீர்கள். மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். வஞ்சி மாநகரில் ஆண் துறவி வேடத்தில் ஓர் இளம்பெண் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் 'உன் கொள்கை என்ன, சொல்' என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். முதலில் சந்திப்பவன் அளவைவாதி, எதை எதைக் கொண்டு ஒன்றை அறியலாம் என்று பத்து அளவைகளை அடுக்குகிறான். கடைசியில் வருகிற பூதவாதி, ஆத்திப்பூவும் வெல்லமும் மற்றதும் சேர்ந்தால் கள்ளில் வெறி பிறக்கிற மாதிரி நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போய்விடும், கண்ணால் காண்பது ஒன்றே அறிவு என்கிறான். அவள் கேட்கிற கேள்வி: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? ஒரே கேள்வியில், காண்பது மட்டுமே அளவை என்கிற கொள்கையின் பலவீனத்தைத் தொட்டுவிடுகிறாள். உணர்வு உடலிலிருந்து பிறக்கிறதா என்ற மற்றக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். மூளை நரம்புகளை வைத்து இன்றைக்கும் அதே வாதம் நடந்துகொண்டுதானே இருக்கிறது.

என்னைக் கேட்டால் பாடத்தை அளவையிலிருந்தே தொடங்கலாம். ஆறு, பத்து, அதற்கு மேலும் என்று பலர் எண்ணுவதை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கலாம் என்று சித்தியாரே சொல்கிறது. கண்ணால் கண்டது, அதிலிருந்து ஊகித்தது, நம்பத் தகுந்தவர் சொன்னது. இறைவன் இருக்கிறான் என்பதை இதில் எதைக் கொண்டு அறிகிறோம்? சம்பந்தர் கண்டார் என்றால் அது அவருக்குக் காண்டல், நமக்கு உரை. ஒருவருடைய சமய அனுபவம் மற்றவருக்கு எவ்வளவு சான்றாகும் என்று பல்கலைக்கழகத்தில் கேட்கிற கேள்விக்கு நம் பிள்ளைகள் இப்படி நாலே வரியில் வந்துவிடலாம். நம் நூல் நமக்கு உரை அளவை என்றால் பக்கத்து வீட்டு அமீனாவுக்குக் குர்ஆன் உரை அளவை ஆகாதா என்று அடுத்து ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும். சமயப் பன்மை பற்றிய பெரிய கேள்வியே அதுதான், இந்த ஊரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்கிற பிள்ளையை விட அதைக் கேட்கத் தகுதியானவர் யார்?

இங்கேதான் உங்களில் சிலர் தயங்குவீர்கள் என்று தெரியும். 'மற்றச் சமயக் கொள்கையைப் பேசப்போய் எதற்கு வம்பு, இது சிங்கப்பூர்' என்று ஒரு கூட்டத்தில் என் காதுபடவே சொன்னார்கள். 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தையும் எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சட்டத்தின் கவலை சமயங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுவது பற்றியது. மற்றவர் சொல்வதை அவரே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாக எடுத்துச் சொல்லப் பழகிய பிள்ளை பகை மூட்டுமா, இல்லை ஒன்றுமே தெரியாமல் வளர்ந்து வாட்ஸ்அப்பில் வருகிற கேலியைப் பகிர்கிற பிள்ளை மூட்டுமா? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பழைய பரபக்க நூல்களின் நடை காரமானது, எதிராளியை ஏளனம் செய்கிற இடங்களும் உண்டு. அந்த ஏளனத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையை எடுத்துக்கொள்வோம்.

அந்த முறை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் 'கடவுள் இருக்கிறாரா' என்ற பகுதியை, இல்லை என்பதற்கான வாதங்களை வைத்தே தொடங்குகிறார், அதில் முதலாவது தீமைச் சிக்கல்தான். கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன்னால் அவர்கள் கொள்கைகளை விளக்கித் தனி நூலே எழுதினார். அன்செல்ம் என்ற துறவி, இதைவிடப் பெரியது ஒன்றை நினைக்கவே முடியாது என்ற கருத்திலிருந்தே கடவுள் இருந்தாக வேண்டும் என்று 11ஆம் நூற்றாண்டில் வாதிட்டபோது, கௌனிலோ என்ற இன்னொரு துறவி, அப்படியென்றால் இதைவிடச் சிறந்ததை நினைக்கவே முடியாத ஒரு தீவும் எங்கேயோ இருந்தாக வேண்டுமே என்று மறுத்து எழுதினார். அன்செல்ம் கோபப்படவில்லை, இனி என் நூலைப் படி எடுக்கும்போது அந்த மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் சில எட்டு தூரத்தில் இருக்கின்றன, இரண்டும் 1820களில் தமிழர் தொடங்கியவை. கஸ்ஸாலி இன்ன சொன்னார், மெய்கண்டார் இன்ன சொன்னார், இங்கே ஒத்துப்போகிறார்கள், இங்கே பிரிகிறார்கள் என்று பேசத் தெரிந்த ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் பெருமைதானே.

பள்ளியில் சொல்லித்தருவார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. 1984இல் உயர்நிலை மூன்று, நான்கில் சமய அறிவு கட்டாயப் பாடமாக வந்தது, இந்து சமயக் கல்வியும் ஒரு தெரிவாக இருந்தது. 1989இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பொறுப்பு வீட்டுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றார்கள், பத்து ஆண்டுக்கு முன் அது 17 விழுக்காடு. இந்தியர்களிடையே இன்னும் மிகக் குறைவுதான். அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. நன்றாக யோசித்து ஒரு பிள்ளை நாத்திகராகப் போனால் அவரும் நம் பரபக்கத்தில் மரியாதையோடு இடம்பெற்றவர்தான். கேட்ட கேள்விக்கு யாரும் காதுகொடுக்கவில்லை என்று வெளியே போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பேச உட்காரும்போது இதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாடத்திட்டத்தையும் மாற்றச் சொல்லவில்லை. உயர்நிலை வகுப்புகளுக்குத் தவணைக்கு ஒரு நாள் போதும். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு பிள்ளை எதிர்த்தரப்பை எடுத்துச் சொல்லட்டும், அரைகுறையாக அல்ல, அந்தத் தரப்புக்காரர் அங்கே இருந்தால் 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று தலையாட்டும்படி. அப்புறம்தான் நம் பதில். பதிலில் ஓட்டை இருந்தால் ஓட்டை இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லலாம், 'எனக்குத் தெரியவில்லை, படித்துவிட்டு வருகிறேன்' என்றும் சொல்லலாம், அதனால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது. ஆசிரியர்களுக்கும் இதற்குத் துணை வேண்டும். சித்தாந்தம் முறையாகப் படித்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், தொடக்கக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் தத்துவம் படிக்கிற நம் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள், இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அந்தக் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' தாளையும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மணிமேகலை பாடத்துக்கான தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன், அளவைவாதியும் பூதவாதியும் மட்டும், நாற்பது நிமிடத்துக்கு வருகிற அளவில். எந்தக் கோயில் வகுப்பு கேட்டாலும் தருகிறேன், ஞாயிறு காலை என்றால் நானே வந்தும் எடுக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வகுப்புத் தொண்டூழியர்